ரெண்டாவது கணக்கு: குமரியிலிருந்து வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பத் தொடங்குகிறவர்களுக்கு

எங்கள் பக்கம் ஒருவரைப் பற்றி "ஆளு ரெண்டு கணக்கு வச்சிருக்காரு" என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதிகாரிகள் வந்தால் மேசைக்கு வரும் நோட்டு ஒன்று, அரிசிப் பானைக்குள் போகும் நோட்டு ஒன்று. நானும் இங்கே ரெண்டு கணக்கு வைக்கத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் இரண்டையும் மேசை மேலேயே வைக்கலாம்.

முதல் கணக்கு ஆடிட்டருக்கு. ஜி.எஸ்.டி., வருமான வரி, வங்கிக் கடன் புதுப்பிப்பு எல்லாம் அதை வைத்துத்தான் நடக்கும். போன மார்ச் 31 வரை என்ன ஆனது என்று அது சொல்லும். சொல்லி முடிக்கும்போது ஓணமே வந்துவிடும். ரெண்டாவது கணக்கு உங்களுக்கு. சார்ஜாவிலிருந்து ஒருவர் வாட்ஸப்பில், "கிலோவுக்கு அஞ்சு டாலர் தாறேன், ஆயிரம் கிலோ வேணும், முடியுமா?" என்று கேட்டால், அன்று சாயங்காலத்துக்குள் சரி என்பதா வேண்டாம் என்பதா என்று முடிவெடுக்க உதவுவது. பாடப்புத்தகத்தில் இதற்கு மேலாண்மைக் கணக்கியல் என்று பெயர். இதைச் சட்டம் கேட்பதில்லை, வங்கி கேட்பதில்லை. அதனால்தான் பெரும்பாலானவர்களிடம் இது இல்லை.

மார்த்தாண்டம், கருங்கல், நாகர்கோவில் பக்கத்துச் சிறு ஆலைகளுக்குச் செலவுக் கணக்கு போட்டுக்கொடுப்பது என் பிழைப்பு. அண்டியாபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலை, தேங்காய் நார் எடுக்கும் தும்பு மில், ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் கம்பெனி, கிராம்பு வாங்கி விற்கிறவர்கள் என்று பலரையும் பார்த்திருக்கிறேன். நம் மாவட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. வளைகுடாவில் மச்சானோ சித்தப்பா மகனோ இல்லாத வீடு குறைவு. அதனால் வெளிநாட்டில் முதல் வாடிக்கையாளரைப் பிடிப்பது பெரிய பாடில்லை. அந்த முதல் சரக்கில் லாபமா நட்டமா என்று தெரியாமலேயே ஐந்தாவது சரக்குக்குப் போய்விடுவதுதான் நம் கஷ்டம்.

ஏத்தங்காய் சிப்ஸை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் செய்து பார்த்த பொருள், கணக்கு எளிதில் புரியும். கீழே வரும் தொகைகள் எல்லாம் கணக்குப் போடுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் தொகையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஒரு கிலோவைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு கிலோ சிப்ஸுக்கு 3.25 கிலோ காய், கிலோ 40 ரூபாய் வீதம் 130. சிப்ஸ் குடிக்கும் எண்ணெய் 300 கிராம், தேங்காய் எண்ணெய் கிலோ 350 என்றால் 105. தோல் உரிக்க, சீவ, வறுக்கக் கூலி, விறகு, உப்பு, மஞ்சள் சேர்த்து 35. சாதாரண பாக்கெட் 10. மொத்தம் 280. கடைக்கு 340க்குப் போடுகிறீர்கள். மிச்சம் 60.

இந்த 60ஐ லாபம் என்று எழுதிவிடாதீர்கள். இதற்குப் பங்களிப்பு என்று பெயர். கட்டட வாடகை, மேனேஜர் சம்பளம், கடன் தவணை என்று சரக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் 1,20,000 போகிறது என்றால், இந்த அறுபதுகள் சேர்ந்துதான் அதைக் கட்ட வேண்டும். மாதம் 2,000 கிலோ விற்றால் கைக்கும் வாய்க்கும் சரி. 4,000 கிலோ விற்றால் 1,20,000 மிச்சம். நிலைச் செலவைக் கிலோவுக்குக் கிலோ பங்குபோட்டு "எனக்கு அடக்கமே 310 ஆகுது" என்று சொல்கிறவர்கள் உண்டு. வெளிநாட்டு ஆர்டர் வரும்போது அவர்களுக்குத்தான் குழப்பம் அதிகம். புது ஆர்டருக்காக வாடகை ஒரு ரூபாய்கூட ஏறப்போவதில்லையே, அதை எதற்கு அந்த ஆர்டரின் தலையில் கட்டுவது? அதற்காகப் புதுக் கொட்டகை போட்டால் கதை வேறு.

இந்தப் பட்டியலில் நீங்கள் உண்மையாகவே அளந்து எழுத வேண்டியது ஒன்றுதான்: அந்த 3.25. எத்தனை கிலோ காய்க்கு எத்தனை கிலோ சிப்ஸ். ஒரு கம்பெனியில் நான் முதல் வேலையாகச் செய்தது, அடுப்புப் பக்கத்தில் ஆணி அடித்து ஒரு நோட்டைத் தொங்கவிட்டதுதான். தேதி, யாரிடம் வாங்கிய குலை, காய் எடை, ஊற்றிய எண்ணெய், மிஞ்சிய எண்ணெய், சிப்ஸ் எடை. ஆறு கட்டம். பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஒரு வியாபாரியின் காய்க்கு 3.1, இன்னொருவரின் காய்க்கு 3.6.

வறுக்கும் மாஸ்டரிடம் கேட்டேன். "அவரு கொண்டாறது எளசு சார். வெட்டுன அன்னைக்கே வித்துருவாரு. வெலை ரெண்டு ரூவா கொறவுன்னு மொதலாளிக்கு அதுதான் புடிக்கும்" என்றார். இளங்காயில் தண்ணீர் அதிகம். சிப்ஸ் குறையும், எண்ணெயும் கூடக் குடிக்கும். கணக்குப் பார்த்தோம். 38 ரூபாய்க் காய் 3.6 கிலோ என்றால் 136.80. 40 ரூபாய்க் காய் 3.1 கிலோ என்றால் 124. மலிவு என்று வாங்கிய காயில் ஒரு கிலோ சிப்ஸுக்கு 12.80 கூடுதல், எண்ணெய் தனி. மாஸ்டருக்கு இது வருடக்கணக்காகத் தெரியும். அவரிடம் கேட்க ஆளில்லை, எழுத நோட்டில்லை.

வெளிநாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். உள்ளூரில் காய் விலை ஏறினால் அடுத்த வாரமே கடைக்காரரிடம் பத்து ரூபாய் ஏற்றிவிடலாம். வெளிநாட்டுக்காரரிடம் மூன்று மாதத்துக்கு விலை சொல்லிவிட்டால் சொன்னதுதான். 2025இல் தேங்காய் எண்ணெய் ஏறிய ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். பழைய விலையில் ஆர்டர் பிடித்திருந்தவர் கதி என்ன ஆகியிருக்கும்?

இரண்டாம் படி: ஆலை வாசலிலிருந்து வாங்குபவர் வாசல் வரை

இங்கேதான் பணம் ஒழுகுகிறது. இந்தப் படியை மெதுவாகப் படியுங்கள்.

ஐந்து டாலர், டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 425. உள்ளூரில் 340. "கிலோவுக்கு 85 ரூபா கூட கெடைக்குதே" என்று மனது துள்ளும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த 425 எந்த இடத்து விலை? எஃப்.ஓ.பி. என்றால் சரக்கை இங்கே துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரை உங்கள் செலவு. சி.ஐ.எஃப். என்றால் கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் சேர்த்து அந்த ஊர்த் துறைமுகம் வரை உங்கள் செலவு. வாட்ஸப்பில் "அஞ்சு டாலர்" என்று மட்டும் வந்தால் அது சி.ஐ.எஃப். என்று எண்ணிக் கணக்குப் போடுங்கள். ஏமாற்றம் இருக்காது.

ஆயிரம் கிலோவை மற்றவர்கள் சரக்கோடு ஒரே கண்டெய்னரில் சேர்த்து அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 280க்கு மேல் என்னென்ன ஏறும்? நைட்ரஜன் அடைத்த கவர், கெட்டி அட்டைப்பெட்டி, அரபி லேபிள்: 20 கூடுதல். உடைந்ததைக் கழிப்பதில் 8. லேப் பரிசோதனை, சான்றிதழ்கள் 12,000, கிலோவுக்கு 12. தூத்துக்குடிக்கு லாரி 14. கஸ்டம்ஸ் ஏஜென்ட், துறைமுகச் செலவு 18. கப்பல் வாடகை, இன்சூரன்ஸ் 24. வங்கிக் கட்டணம் 3. காய் வாங்கிய நாள் முதல் பணம் வரும் நாள் வரை 90 நாள் என்றால் 12 சதவீத வட்டியில் 11. அங்கே நாலு பெட்டி நசுங்கிவிட்டது என்று கழிப்பார்கள், அதற்கு 4. கூட்டினால் 114. ஆக மொத்தம் 394.

425இல் 394 போனால் 31. உள்ளூரில் கிடைத்த 60இல் பாதி.

இதைக் காட்டியதும் "அப்போ வேண்டாமா சார்?" என்பார்கள். அவசரம் வேண்டாம். அந்த 114ஐ இரண்டாகப் பிரியுங்கள். கவர், வட்டி, உடைசல் எல்லாம் கிலோவோடு ஏறி இறங்குகிறவை. லேப், லாரி, ஏஜென்ட், வங்கி ஆகியவை ஒரு தடவை அனுப்புவதற்கான செலவு. நூறு கிலோ அனுப்பினாலும் ஆயிரம் கிலோ அனுப்பினாலும் கிட்டத்தட்ட அதேதான். ஆடிட்டர் கணக்கில் இவை எல்லாம் "விற்பனைச் செலவு" என்று ஒரே வரியில் போய்விடும். ரெண்டாவது கணக்கில் ஒவ்வொரு அனுப்புகைக்கும் ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணின் கீழ் இவற்றை எழுத வேண்டும். டேலி என்ற கணக்கு மென்பொருளில் காஸ்ட் சென்டர் என்று, செலவைத் தனித்தனித் தலைப்பில் பிரித்து எழுத ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் வைத்திருக்கும் அதே டேலிதான், யாரும் திறந்து பார்ப்பதில்லை. அனுப்புகை எண்ணையே காஸ்ட் சென்டராகப் போட்டுவிட்டால் போதும்.

சரி, ஒரு முழு இருபதடிக் கண்டெய்னர் அனுப்பினால்? கண்டெய்னர் நம் வாசலுக்கே வந்து போக 30,000, ஏஜென்ட்டும் துறைமுகமும் 24,000, லேப் 12,000, வங்கி 3,000, கப்பல் 50,000 என்று வைப்போம். மொத்தம் 1,19,000. இதை எத்தனை கிலோவுக்குப் பங்குபோடுவது என்பதில்தான் சிப்ஸின் சூட்சுமம் இருக்கிறது.

சிப்ஸ் எடையில்லாத சரக்கு. இருபது டன்னுக்கு மேல் தாங்கும் கண்டெய்னர், இரண்டு டன் சிப்ஸில் நிறைந்துவிடும். அறுபதுக்கு நாற்பதுக்கு நாற்பது சென்டிமீட்டர் பெட்டியில் எட்டுக் கிலோ என்று ஒருவர் வைத்திருந்தார். கண்டெய்னர் உள்ளே உயரம் ஏறக்குறைய 2.39 மீட்டர். நாற்பது சென்டிமீட்டர் பெட்டி ஐந்து அடுக்குதான் நிற்கும். ஆறாவது அடுக்குக்கு ஒரு சென்டிமீட்டர் குறைகிறது. மேலே 39 சென்டிமீட்டர் வெறும் காற்று, அதற்கும் வாடகை. அடுக்குக்கு 51 பெட்டி வீதம் 255 பெட்டி, 2,040 கிலோ. பெட்டி உயரத்தை 38 ஆக்கச் சொன்னேன். பெட்டிக்கு 7.6 கிலோதான் பிடித்தது. ஆனால் ஆறு அடுக்கு, 306 பெட்டி, 2,325 கிலோ. அட்டைப்பெட்டிக்காரரிடம் ஒரு போன் பேசியதில் 285 கிலோ கூடுதலாக ஏறியது.

இப்போது 1,19,000ஐ 2,325ஆல் வகுத்தால் 51. முன்பு இதே இனங்களுக்கு 71 ஆனது. கிலோவுக்கு 20 மிச்சம், பங்களிப்பு 31இலிருந்து 51 ஆகிவிட்டது. இன்னமும் உள்ளூர் அறுபதைத் தொடவில்லை. ஆனால் உள்ளூரில் 4,000 கிலோவுக்கு மேல் விற்காது, அடுப்பு மதியத்துக்கு மேல் சும்மா கிடக்கிறது என்றால், கண்டெய்னருக்கு ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபாய் புதிதாக வருகிறது. உள்ளூர்ச் சரக்கைக் குறைத்துத்தான் இதை அனுப்ப முடியும் என்றால் கிலோவுக்கு 9 ரூபாய் நட்டம். ஆர்டர் அதேதான், விலையும் அதேதான். உங்கள் அடுப்பு சும்மா கிடக்கிறதா இல்லையா என்பதில் விடை மாறுகிறது.

விமானத்தில் அனுப்புவது பற்றி என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெகுகாலம் முன்பு, ஓணத்துக்கு அவசரமாக நாற்பது பெட்டி திருவனந்தபுரத்திலிருந்து போக வேண்டியிருந்தது. பெட்டியோடு ஒன்பது கிலோ, நாற்பதுக்கு 360 கிலோ என்று எண்ணி நான் செலவு போட்டுக் கொடுத்தேன். பில் 640 கிலோவுக்கு வந்தது. விமானக்காரர்கள் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுப்பார்கள். அது எடையை விடக் கூடுதல் என்றால் அதற்குத்தான் காசு. 60 பெருக்கல் 40 பெருக்கல் 40, வகுத்தல் 6,000, பெட்டிக்கு 16 கிலோ. 280 கிலோ காற்றுக்குக் காசு கட்டினோம். முதலாளி என்னை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் என் டீக்குக் காசு கொடுக்கவும் இல்லை.

மூன்றாம் படி, அண்டிப்பருப்புக்காரர்களுக்கு மட்டும்

மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

தோட்டண்டியை, அதாவது உடைக்காத முந்திரிக்கொட்டையை, ஆப்பிரிக்காவிலிருந்து வரவழைக்கும்போது 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு என்றுதான் விலை பேசுவார்கள். 48 பவுண்டு என்று சொல்லி 47தான் தேறினால், மூட்டைக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் போல. 200 மூட்டையில் 90 கிலோ பருப்பு. கிலோ 700 என்று போட்டாலும் 63,000 ரூபாய். ஒவ்வொரு லாட்டுக்கும் சொன்ன தேறுதல், வந்த தேறுதல் என்று இரண்டு கட்டம் நோட்டில் இருக்கட்டும்.

அடுத்தது தரம் பிரிப்பு. ஒரே மூட்டையிலிருந்து முழுப் பருப்பு, பாதி, துண்டு எல்லாம் வருகின்றன. 100 கிலோ பருப்பில் முழுசு 60, கிலோ 800. பாதி 25, கிலோ 650. துண்டு 15, கிலோ 550. விற்றால் 72,500 வரும். அடக்கம் 66,000. இதை எடைக்குப் பங்குபோட்டால் எல்லாவற்றுக்கும் கிலோ 660. அப்போது துண்டு விற்பதில் கிலோவுக்கு 110 நட்டம் என்று தாள் சொல்லும். ஒரு மேனேஜர் இதை நம்பித் துண்டு ஆர்டரைத் தட்டிக் கழித்தார். துண்டு இல்லாமல் முழுசு மட்டும் எந்த அண்டியிலிருந்து வரும்? விற்பனை மதிப்புக்கு ஏற்பப் பங்குபோட்டால் முழுசுக்கு 728, பாதிக்கு 592, துண்டுக்கு 501. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் நிற்கும். சரக்கு இருப்பு மதிப்பிட இதுவே போதும்.

ஆனால் அன்றாடம் பார்க்க வேண்டிய எண் வேறு. ஒரு கிலோ முழுசு உடைந்து துண்டானால் 250 ரூபாய் போகிறது. எடைக்குக் கூலி கொடுத்து வேகமாக உடைக்கச் சொன்னால் முழுசு குறையும். உடைக்கும் பெண்களைக் குறை சொல்லாதீர்கள். கூலி முறையை அமைத்தவர் நீங்கள். முழுசுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துப் பாருங்கள், இரண்டு வாரத்தில் நோட்டே பதில் சொல்லும்.

டபிள்யூ 320 என்ற முழுப்பருப்புத் தரத்துக்கு வெளிநாட்டில் என்ன விலை, துண்டுக்கு உள்ளூர் பேக்கரியில் என்ன விலை என்று தரத்துக்குத் தரம் சந்தையைத் தனித்தனியாக எழுதுங்கள். முழுசு கப்பலேறி, துண்டு நாகர்கோவிலிலேயே நல்ல விலைக்குப் போகும் மாதங்கள் உண்டு.

நான்காம் படி: டாலர்

எளிய விதி. நீங்கள் விலை சொன்ன நாளின் டாலர் மதிப்பு ஒன்று, பணம் வந்த நாளின் மதிப்பு ஒன்று. இரண்டையும் அனுப்புகைத் தாளில் எழுதுங்கள். 85இல் கணக்குப் போட்டு 82இல் பணம் வந்தால், ஐந்து டாலருக்குப் பதினைந்து ரூபாய். நம் 51இல் அது போனால் 36. ரூபாய் எப்போதும் இறங்கத்தான் செய்யும், நமக்கு லாபம்தான் என்று ஒரு நம்பிக்கை ஊரில் உண்டு. வருடக்கணக்கில் பார்த்தால் அது உண்மையாக இருக்கலாம். உங்கள் தொண்ணூறு நாளில் என்ன ஆகும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

"நான் திர்ஹாமில் விற்கிறேன், எனக்கு டாலர் பிரச்சினை இல்லை" என்று ஒருவர் சொன்னார். திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போடப்பட்டிருக்கிறது. திர்ஹாமில் விற்பதும் டாலரில் விற்பதும் ஒன்றே. லண்டனுக்குப் பவுண்டில் விற்பதுதான் தனிக் கதை.

வங்கியில் முன்கூட்டியே விகிதத்தைக் கட்டிவைக்கும் பார்வர்டு ஒப்பந்தம் செய்யலாம். அதை லாபம் பார்க்கும் வழியாக நினைக்காதீர்கள், தூக்கம் வருவதற்கான செலவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் உறுதியான தொகைக்கு மட்டும் செய்யுங்கள்; ஆர்டர் ரத்தானாலும் ஒப்பந்தம் நிற்கும். அண்டிக்காரர்களுக்கு இதில் ஓர் இயற்கையான பாதுகாப்பு உண்டு. தோட்டண்டியையும் டாலரில் வாங்கி, பருப்பையும் டாலரில் விற்றால் ஏற்றமும் இறக்கமும் பெருமளவு தானே அடிபட்டுப் போகும். நடுவே நிற்கும் கூலியும் லாபமும்தான் காற்றில் ஆடும்.

ஐந்தாம் படி: நாள் கணக்கு

லாபத்தில் ஓடிய கம்பெனி ஒன்று கையில் காசில்லாமல் படுத்ததைப் பார்த்திருக்கிறேன். காரணம் நாள்.

காய் வாங்க ரொக்கம். வியாபாரி கடன் தரமாட்டார். வறுத்துக் கட்டி ஒரு கண்டெய்னர் சேர்க்கப் பதினைந்து நாள். துறைமுகம், கப்பல் ஏற ஒரு வாரம். ஏறிய தேதியிலிருந்து அறுபது நாள் தவணை. வங்கிக்கு வந்து சேர மேலும் சில நாள். எண்பத்தைந்து, தொண்ணூறு நாள் ஆகிவிடும். மாதம் ஒரு கண்டெய்னர் என்றால் முதல் பணம் வருவதற்குள் மூன்று கண்டெய்னரின் காசு உங்கள் கையிலிருந்து போயிருக்கும். கண்டெய்னர் ஒன்பது லட்சத்தை ஒட்டி என்றால் இருபத்தேழு லட்சம் போல. முதல் சரக்குக்குக் கைக்காசு போதும், இரண்டாவதற்கு நகை, மூன்றாவதற்கு என்ன?

வாரத்துக்கு ஒரு கட்டமாகப் பதிமூன்று வாரத்துக்கு ஒரு தாள் போடுங்கள். மேலே வரவு, கீழே செலவு, அடியில் இருப்பு. எந்த வாரத்தில் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகிறதோ, வங்கியில் போய் நிற்க வேண்டியது அந்த வாரம் அல்ல, இன்று. அனுப்புவதற்கு முன் கடன், அனுப்பிய பின் பில் மேல் கடன் என்று ஏற்றுமதியாளருக்கு வங்கியில் தனி வசதிகள் இருக்கின்றன. வாங்குபவர் ஏமாற்றினால் ஈடு தர, 1957இல் தொடங்கிய இ.சி.ஜி.சி. என்ற அரசு நிறுவனத்தின் காப்பீடு இருக்கிறது. மச்சானுக்கு விற்றாலும் எடுத்துவையுங்கள். மச்சானிடம் பாக்கி கேட்பது எத்தனை கஷ்டம் என்று கல்யாண வீட்டில் எதிரெதிர் பந்தியில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

ஓணத்தை இந்தத் தாளில் தனியாகக் குறியுங்கள். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த பகுதி இது. இங்கேயும் ஓணம், வளைகுடா மலையாளிகளுக்கும் ஓணம். சிப்ஸ் அதிகம் கேட்கப்படும் நேரமும், ஏத்தங்காய் விலை உச்சிக்குப் போகும் நேரமும் அதுவே. கப்பலில் போகும் சரக்குக்கு விலை உச்சிக்குப் போகும் முன்பே காய் வாங்கி, ஒரு மாதத்துக்கு மேல் முன்னதாகவே ஏற்றிவிட வேண்டும். அப்படிச் செய்கிறவருக்கு நாள் கணக்கே லாபம்.

ஆறாம் படி: காகிதங்கள்

இதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் சுருக்கிவிடுகிறேன். ஏற்றுமதி இறக்குமதி செய்ய வேண்டிய ஐ.இ.சி. எண்ணுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய், உங்கள் பான் எண்ணே அந்த எண். வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். வரி கட்டாமல் அனுப்ப எல்.யூ.டி. என்ற உறுதிமொழியை நிதியாண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சரக்கு ஏறும் துறைமுகத்தில் உங்கள் வங்கிக் கிளையின் ஏ.டி. கோடு என்ற குறியீட்டெண் பதிவாகியிருக்க வேண்டும். தும்புக்குக் கயிறு வாரியத்திலும், கிராம்புக்கு ஸ்பைசஸ் போர்டிலும் பதிவு வேண்டும். இந்தத் தேதிகளை எல்லாம் பதிமூன்று வாரத் தாளின் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள், வேறு காலண்டர் வேண்டாம்.

சலுகைகள் பற்றி ஒரு வார்த்தை. ஏற்றுமதிச் சரக்கின் மேல் விழுந்த வரியைத் திருப்பித் தரும் ரோடெப் திட்டம் 2021 ஜனவரி 1இல் வந்தது. அதற்கு முன்னால் இருந்த திட்டம் அதோடு போயிற்று. இப்படி வந்து போகும் தொகையை நம்பி விலை சொல்லாதீர்கள். தாளில் கடைசி வரியாக, கோட்டுக்குக் கீழே எழுதுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022 மே 1 முதல் வர்த்தக ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. உங்கள் பொருளுக்கு அதில் வரிச் சலுகை உண்டா என்று பாருங்கள். சலுகை வாங்குபவருக்குக் கிடைக்கும், பிறப்பிடச் சான்றிதழ் வாங்கும் செலவு உங்களுக்கு. விலை பேசும்போது அதைச் சொல்லிக் கேளுங்கள்; அவராகத் தரமாட்டார்.

ஏழாம் படி: நாட்டுக்கு ஒரு பக்கம்

மூன்று நாட்டுக்கு விற்கத் தொடங்கியதும் "ஏற்றுமதி" என்ற ஒற்றைத் தலைப்பை ஒழித்துவிடுங்கள். சார்ஜா ஒரு பக்கம், தோஹா ஒரு பக்கம், லண்டன் ஒரு பக்கம். விற்பனை, நேரடிச் செலவு, அனுப்புகைச் செலவு, கழிவு, பணம் வந்த சராசரி நாள். அதிகம் வாங்குபவர்தான் நல்ல வாடிக்கையாளர் என்ற எண்ணம் இதில் பலமுறை உடைந்திருக்கிறது. கொஞ்சமாக வாங்கி, முப்பது நாளில் பணம் போட்டு, ஒரு பெட்டிக்கும் சண்டை பிடிக்காத கடைக்காரர்தான் கடைசியில் மேலே நிற்பார்.

2021இல் கன்னியாகுமரி கிராம்புக்கும், 2023இல் மட்டி வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரைப் போட்டு விற்கிறீர்கள் என்றால், பெயரால் கிடைத்த கூடுதல் விலை எவ்வளவு, அதற்காகத் தனியே வாங்கிப் பிரித்து வைக்க ஆன செலவு எவ்வளவு என்று அந்தப் பக்கத்திலேயே இரண்டு வரி சேருங்கள். பெயர் சோறு போடுகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

எட்டாம் படி: "ஒருவேளை" தாள்

2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றின. வாடகை ஏறியது, நாளும் ஏறியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலவற்றின் மேல் 50 சதவீத வரி போட்டது. இவற்றை முன்கூட்டிச் சொல்ல நாம் ஜோசியர்கள் அல்ல. ஆனால் வாடகை இரட்டிப்பானால் பங்களிப்பு எவ்வளவு, டாலர் மூன்று ரூபாய் இறங்கினால் எவ்வளவு, காய் 50 ஆனால் எவ்வளவு என்று முன்பே போட்டு வைத்திருக்கலாமே. நம் உதாரணத்தில் காய் 40இலிருந்து 50 ஆனால் 32.50 போய்விடும். அதோடு டாலரும் இறங்கினால் மிஞ்சுவது மூன்றரை ரூபாய். இந்த இரண்டும் ஒரே மாதத்தில் நடக்கக்கூடியவைதான். இது தெரிந்திருந்தால், விலை சொல்லும் தாளில் "இந்த விலை முப்பது நாளுக்கு மட்டும்" என்று ஒரு வரி சேர்ப்பீர்கள்.

நல்ல செய்திக்கும் இதே தாள்தான். 2025 மே 2இல் விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. மார்த்தாண்டத்துக்குத் தூத்துக்குடியை விட மிகவும் பக்கம். இப்போதைக்கு அது சரக்கை ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாற்றும் வேலைக்கே பேர்போனது. நாளை உங்கள் ஏஜென்ட் அங்கிருந்து ஒரு விலை கொண்டுவந்தால், தாளில் லாரி, கப்பல் என்ற இரண்டு வரியையும் நாள் கணக்கையும் மாற்றிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

அங்கேயே ஒரு கம்பெனி திறக்கலாமா என்ற யோசனை இன்னும் சில வருடம் கழித்து வரும். அப்போது இங்கிருந்து அங்கே என்ன விலைக்கு அனுப்புவது என்பதே ஒரு வரிப் பிரச்சினை ஆகும். இரண்டும் உங்கள் கம்பெனி என்பதால் இஷ்டத்துக்கு விலை வைக்க முடியாது, அந்நியருக்கு விற்கும் விலையே இருக்க வேண்டும். அமீரகத்திலும் 2023 ஜூன் முதல் கம்பெனி வரி வந்துவிட்டது. அதற்கு நல்ல ஆடிட்டர் வேண்டும். அவர் முதலில் கேட்கப்போவது, அந்நியருக்கு விற்ற ஒவ்வொரு அனுப்புகையின் விலையும் செலவும் எழுதிய தாளைத்தான்.

இதையெல்லாம் யார் எழுதுவது? முதலாளி வேண்டாம், அவர் இரண்டு வாரம் எழுதுவார். பி.காம். படித்துவிட்டு ஆலையிலேயே பில் போட்டுக்கொண்டிருக்கும் பெண் யாராவது இருப்பார். அவரிடம் கொடுத்து, மாதம் ஐந்தாம் தேதி காலை மாஸ்டர், ஸ்டோர்காரர், முதலாளி மூவரையும் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். நான் ஆணி அடித்துத் தொங்கவிட்ட அந்த நோட்டு இப்போது நான்காவது நோட்டாக ஓடுகிறது. போன மாதம் போனபோது மாஸ்டரே ஏழாவது கட்டம் ஒன்று போட்டிருந்தார், பேனாவால் கோணலாகக் கோடு கிழித்து. அதன் தலைப்பு "காய் மூப்பு".